ஜமீன்தார் கேட்ட தீவுச் சாமான்

பாம்பனுக்குத் தெற்கே ஒரு குட்டித் தீவு. ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது சாமான் பார்க்கலாமென்று, கொக்காடி ஜமீன்தார் தன் சம்பந்தியோடு அங்கே படகில் வந்து இறங்கினார். கரையில் பூமயில் என்கிற பெண்பிள்ளை மட்டும் கடை பரப்பியிருந்தாள்.

சங்கைக் காட்டினாள். "இது எங்க தாத்தா காலத்துலயே வீட்டுக்கு வந்தாச்சு" என்றார் ஜமீன்தார். சிப்பி மாலையைக் காட்டினாள். "எங்கப்பா மூட்டையாக் கொண்டுவந்தார்" என்றார். சம்பந்தி பார்க்கிறாரே என்று மீசையை முறுக்கிக்கொண்டு, "இந்தத் தீவுலருந்து எந்த ஜமீன்தாரும் இதுவரைக்கும் கொண்டுபோகாத ஒண்ணை எடு. இல்லேன்னா உன் கடையைக் கடல்ல வீசிடுவேன்" என்று ஒரு போடு போட்டார்.

பூமயில் அசரவில்லை. ஒரு ஓலைப்பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"ஏய், என்ன திமிரு! இதே பெட்டி எங்க அரண்மனையில அம்பது கிடக்கு."

"கிடக்கும் சாமி. அம்பதும் சும்மா தூக்கிட்டுப் போனது. காசு கொடுத்து வாங்கின பெட்டியை எந்த ஜமீன்தாரும் இன்னிக்கு வரைக்கும் இங்கருந்து கொண்டுபோகலை. இது நாலணா. கொடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க, நீங்கதான் மொத ஆளு."

சம்பந்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் முன்னால் என்ன செய்ய முடியும்? ஜமீன்தார் மடியை அவிழ்த்து நாலணாவை வைத்தார். ஆனாலும் வீம்பு விடுமா?

"எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கு. இது காசு கொடுத்ததுன்னு எப்படிடீ தெரியும்?"

"இன்னிக்கு உங்க படகைப் பார்த்ததும் மத்த கடைக்காரங்க எல்லாரும் சாமானை மணல்ல புதைச்சிட்டாங்க சாமி. அடுத்த தடவை நீங்க வர்றப்ப அவங்க புதைக்காம உட்கார்ந்திருந்தா, அதுல தெரிஞ்சுக்கங்க" என்றாள் பூமயில்.