எட்டாயிரத்து எண்பதாவது வாசல்

கோவில்பட்டியில் ஒரு குரு இருந்தார். வயது இருபத்தொன்பது. பெயர் ஜெபசீலி. பெண்கள் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் ஆசிரியை.

அவருக்கு ஒரே ஒரு சீடர். வயது அறுபத்தொன்று. பெயர் சங்கிலிப்பாண்டியன். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் நாள் சீடர் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, வாழைப்பழம், ஒரு கதர்த் துண்டு எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்.

"குருவே, என்னை ஏத்துக்கணும்."

"சார், இதெல்லாம் வேண்டாம். காலையில ஒன்பதரைக்கு வந்துருங்க. அப்புறம், மவுஸை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க. அது எங்கயும் ஓடாது."

சீடர் அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கே வந்து நின்றார்.

அவர் கற்க வந்ததற்குக் காரணம் இருந்தது. ஊரில் இருக்கும் ரத்ததானச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். நாலாயிரம் பேர் கொண்ட பட்டியல். பெயர், ரத்த வகை, போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி. எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஐப்பசியில் ஒரு நாள் மின்னல் அடித்தது. மறுநாள் அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

நல்லவேளையாக உள்ளே இருந்த டிஸ்க் பிழைத்துக்கொண்டது. குரு அதில் இருந்ததை அப்படியே எடுத்து, பள்ளியின் புதுக் கம்ப்யூட்டருக்குள் வைத்தார். திரையில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. அந்த ஜன்னலுக்குள் செத்துப்போன பழைய கம்ப்யூட்டர் உயிரோடு ஓடியது.

"இதுக்கு விர்ச்சுவல் மெஷின்னு பேரு சார். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்."

சீடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தான் இன்னொண்ணுக்கு உள்ள இருக்கோம்னு அதுக்குத் தெரியுமா குருவே?"

"தெரியாது சார். தனியா இருக்கறதாத்தான் நினைச்சுக்கிட்டிருக்கும்."

"எங்க ஆபீஸ் மாதிரி" என்றார் சீடர்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பட்டியல் இந்த ஒரு திரையில் மட்டும்தான் தெரிந்தது. சங்கத்தின் போன் இருந்தது சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளி சங்கத்துக்கு விட்டிருந்த அடுத்த அறையில். இருபது வருடமாக ஊரில் உள்ள எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் எழுதியிருக்கும் நம்பர் அது. அந்தப் போனைப் பார்த்துக்கொள்பவர் செண்பகவல்லி, ஓய்வு பெற்ற நர்ஸ். அவர் மேஜையிலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. விர்ச்சுவல் மெஷினைத் தாங்கும் தெம்பு அதற்குக் கிடையாது. இங்கே ஓடும் பட்டியலை அங்கே இருந்து திறந்து பார்த்தால் போதும்.

"நெட்வொர்க்கை நீங்களே செஞ்சு பாருங்க சார்" என்றார் குரு.

சீடர் இரண்டு நாள் படித்தார். பிரிட்ஜ் என்று ஒரு முறை இருப்பதைக் கண்டுபிடித்தார். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க்கில் சொந்தமாக ஒரு இடம், சொந்தமாக ஒரு முகவரி. பட்டா வாங்குவது போல. அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. பட்டனை அழுத்தினார்.

திரையில் ஒரு வரி வந்தது. இதற்கு நிர்வாகியின் அனுமதி தேவை.

"நான் பதினோரு வருஷம் நிர்வாகிய்யா" என்றார் சீடர், திரையைப் பார்த்து.

திரை பாஸ்வேர்டு கேட்டது.

அந்தப் பாஸ்வேர்டு பள்ளியில் யாரிடமும் இல்லை. கம்ப்யூட்டர்களை நன்கொடையாகக் கொடுத்த அறக்கட்டளையின் தலைமை அலுவலகத்தில் இருந்தது. சீடர் பள்ளியின் பெயரை அடித்துப் பார்த்தார். பிறகு ஊரின் பெயர். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதாக ஏதோ அடிக்கப் போகும்போது குரு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சார், பூட்டை ஆட்டிப் பார்க்கறது நம்ம வேலை இல்ல."

"அப்போ முறைப்படி கேட்டிருவோம்" என்றார் சீடர்.

கேட்டார். இரண்டு பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு மூன்று, நகல் இருவருக்கு. பள்ளித் தலைமையாசிரியையின் கையெழுத்தையும் வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பதினாறாம் நாள் பதில் வந்தது. ஒரே வரி.

தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.

சீடர் அதை மூன்று தடவை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று குரு எதிர்பார்த்தார். வந்தது வேறு ஏதோ.

"தேதி போடலை பாருங்க" என்றார் சீடர் மெதுவாக. "எப்போ கேட்டாலும் இதையே காட்டலாம். நல்ல அனுபவசாலிதான் எழுதியிருக்கான்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அடுத்த அறையில் போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் செண்பகவல்லியின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"தாசில்தாரய்யா! ஓ நெகட்டிவ்! ரெண்டு யூனிட்! பிரசவ கேஸ், ரொம்ப அவசரமாம்!"

சீடர் எழுந்து கதவுக்கு ஓடினார். மறுபடி திரைக்கு ஓடிவந்தார். மறுபடி கதவுக்கு.

"குருவே, இந்த நேரத்துல நெட்வொர்க் இல்லையே!"

"உட்காருங்க" என்றார் குரு. "ஓ நெகட்டிவ்னு தேடுங்க. வர்றதைச் சத்தமாப் படிங்க."

சீடர் படித்தார். முப்பத்து நான்கு வருடம் ஜமாபந்தியில் பெயர் கூப்பிட்ட தொண்டை. சுவர் அதிர்ந்தது.

"முதல் ஆள், குருசாமி!"

"அவரு போன வருஷமே தவறிட்டாரு! அடுத்து?"

"ரஃபீக் ராஜா!"

"துபாய்ல இருக்காரு! அடுத்து?"

"மாடத்தி! ஒன்பது, எட்டு, நாலு..."

பத்து எண்களையும் கத்தினார். அந்தப் பக்கம் செண்பகவல்லி போனில் யாரிடமோ பேசினார். பிறகு கூப்பிட்டார்.

"ஜாக்கெட் இன்னும் தைக்கலை, புதன்கிழமை வாங்கன்னு சொல்றாங்கய்யா!"

"கடைசி எண் ஏழும்மா! எட்டு இல்ல! ஏழு!"

மாடத்தி கிடைத்தார். தீப்பெட்டி ஆபீஸில் இருந்து அப்படியே கிளம்பினார். அடுத்ததாகக் கிடைத்தவர் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர். அடுப்பை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, கையில் வெல்லப் பாகு ஒட்டியபடியே ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது.

இரண்டு மணிக்குப் போன் வந்தது. பெண் குழந்தை. தாயும் கண் விழித்துவிட்டாள்.

சீடர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குரல் போயிருந்தது. குரு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தார்.

"சார், இப்போ என்ன நடந்துச்சு?"

"கத்துனேன்."

"யாரோட அனுமதியில?"

"கத்தறதுக்கு எதுக்கும்மா அனுமதி?"

குரு சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பிரிட்ஜ் என்று இருந்ததை எடுத்துவிட்டு, அதே இடத்தில் காட்டிய நெட்வொர்க் முறைகளில் கடைசியாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்.

"இது யூசர் மோட். உள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சொந்த இடமும் கிடையாது, சொந்த முகவரியும் கிடையாது. அதை ஓட்டற புரோகிராம் நிர்வாகி இல்ல, சாதாரண ஆள்தான், உங்களையும் என்னையும் மாதிரி. வெளிய இருந்து வர்ற கேள்வியை இது வாங்கி உள்ள சொல்லும். உள்ள இருந்து வர்ற பதிலை வெளிய சொல்லும்."

"என்னை மாதிரி."

"உங்களை மாதிரிதான். ஆனா ஏழை எட்டுன்னு கேட்காது."

சீடர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, வெளிய இருந்து எந்த வாசல் வழியா வரும்? கம்ப்யூட்டருக்கு நம்பர் போட்ட வாசல் உண்டு, போர்ட்டுன்னு படிச்சிருக்கேன். எண்பதாம் வாசல். அதுதான் முறையான வாசல்."

"எண்பது கிடைக்காது சார். ஆயிரத்து இருபத்து நாலுக்குக் கீழ இருக்கறதெல்லாம் நிர்வாகிக்கு."

"அப்போ நமக்கு?"

"மிச்சம் எல்லாம். அறுபத்து நாலாயிரம் வாசலுக்கு மேல இருக்கு."

சீடர் யோசித்தார். "எண்பதாம் வாசல்னா ஒரு கௌரவம் இருந்திருக்கும்."

குரு எட்டாயிரத்து எண்பது என்று அடித்தார்.

"தலைமையாசிரியைகிட்டயும் சொல்லிட்டீங்களா?" என்று சீடர் கேட்டார். பழைய வழக்கம் விடவில்லை.

"நேத்து அந்தப் பதில் வந்தப்பவே சொல்லிட்டேன். பாஸ்வேர்டு தேவைப்படாத எதை வேணும்னாலும் செஞ்சுக்கோங்கன்னாங்க."

சீடருக்குச் சந்தேகம் தீரவில்லை. போன வாரம் பிங் என்று ஒன்றைக் கற்றிருந்தார். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தட்டிக் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பது. உள்ளே இருந்த கம்ப்யூட்டரில் இருந்து செண்பகவல்லியின் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை.

"போச்சு" என்றார். "மூச்சே இல்ல."

"இந்த வழியில பிங் போகாது சார்."

"அப்போ உயிர் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"வேலை சொல்லிப் பாருங்க."

சீடர் அடுத்த அறைக்குப் போனார். செண்பகவல்லியின் பக்கத்தில் குனிந்து நின்று, ஒரு விரலால் முகவரியை அடித்தார். கடைசியில் எட்டாயிரத்து எண்பது. திரை கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது. பிறகு மேலிருந்து கீழாக, நிதானமாக, நாலாயிரம் பேரும் இறங்கி வந்தார்கள்.

"வந்துருச்சே!" என்று செண்பகவல்லி கத்தினார். சீடருக்குக் கத்தக் குரல் இல்லை. சுவரை இரண்டு முறை தட்டினார்.

மறுநாள் காலை சீடர் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்தார். தொண்டையில் கம்பளி மஃப்ளர். குருவுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்திருந்தார். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தார்கள்.

"குருவே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க சார்."

"ஒரு ஊர்ல பள்ளிக்கூடத்துக்குப் பாதை கேட்டு மனு கொடுத்திருந்தாங்க. மூணு வருஷம் அந்த ஃபைல் என் மேஜையில கிடந்துச்சு. மேல ஒரு குறிப்பு, கீழ ஒரு குறிப்பு. ரிட்டயர் ஆகறதுக்கு முந்தின வாரம் மனசு கேட்கலை. நேர்ல பார்த்துக் கையெழுத்துப் போட்டிருவோம்னு ஜீப்புல போனேன்."

"சரி."

"பாதை இருக்கு. நிலத்துக்காரரே வழி விட்டிருக்காரு. சரளை போட்டு, ரெண்டு பக்கமும் வேப்பங்கன்னு வச்சிருக்காங்க. கன்னு என் இடுப்பு உயரம். பிள்ளைங்க சைக்கிள்ல போகுது."

"உங்களை என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாங்க. அய்யா அவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்காருன்னு."

குரு டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

சீடர் மஃப்ளரைத் தளர்த்தினார். டம்ளரையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் உட்கார்ந்திருந்த ஆபீஸ்ல எல்லாம், என் கையெழுத்துக்குக் காத்திருக்காம எத்தனை காரியம் நடந்திருக்கும் குருவே?"

"நடந்த எல்லாமே, சார்" என்றார் குரு.