முதுகுக்கு ஒரு படம்

ஒரு ஊர்ல ஒரு போட்டோக்காரன் இருந்தான், பேரு சிங்காரம். ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் அத்தை மேல சொல்லுவேன்.

"ம்."

அவன் முதல்ல ஸ்டூடியோதான் வெச்சான். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. ஏன்னா அந்த ஊர்ல அங்கமுத்துன்னு ஒரு பெரியவரு, படம் புடிச்சா ஆயுசு குறையும்னு ஊரு பூரா சொல்லி வெச்சுட்டாரு. சிங்காரம் கேமராப் பொட்டியைத் தூக்கிட்டுத் தெருவுல வந்தா, ஜனங்க திடுதிடுன்னு ஓடிப் போயி கதவைப் படார்னு சாத்திக்குவாங்க. அப்புறம் அவன் சாமி படத்துக்கு ஃப்ரேம் போட ஆரம்பிச்சான். டொக் டொக்னு ஆணி அடிச்சான். அதுலயும் பொழப்பு ஓடல. அப்புறம் சாமியோட கிரீடத்துக்கும் நகைக்கும் தங்க ரேக்கு ஒட்டக் கத்துக்கிட்டான். தங்க ரேக்குன்னா தும்பி றெக்கையை விட மெல்லிசு, மூச்சு விட்டாப் பறந்துரும். இவனுக்கோ எப்பப் பாத்தாலும் ஜலதோஷம். ஹச்சூ-ம்பான். முருகனுக்கு ஒட்ட வேண்டிய தங்கம் பறந்து போயி அங்க படுத்திருக்கிற பூனை மூக்குல ஒட்டிக்கும். சிரிக்காத, அவன் பாடு அவனுக்கு.

அப்போ அவன் மாமனாரு வந்து, "இனி ஒரு வேலையை யாராவது வேண்டாம்னு திருப்பிக் குடுத்தாங்கன்னா, கடையை மூடிட்டு நம்ம அரிசி மில்லுக்கு வந்து சாக்கு தைக்கணும் மாப்ள"ன்னுட்டாரு. கோணி ஊசி கூட வாங்கி வெச்சுட்டாரு மனுஷன். சிங்காரத்துக்கு அழுகையா வந்துச்சு. அவனுக்குப் படம் புடிக்கிறதுன்னா உசுரு.

அப்புறம் ஒரு நாள் அந்த அங்கமுத்து செத்துப் போயிட்டாரு. ஒரு படம் கூடப் புடிக்காமத்தான் செத்தாரு, அதுக்கு என்ன சொல்றது. வருஷத் திதி வருது, மாலை போட வீட்டுல படம் இல்ல. அவரு சம்சாரம் ஆவுடை ஆச்சி சிங்காரத்தைக் கூப்பிட்டு விட்டாங்க.

"தம்பி, எங்க வீட்டுக்காரவுக படம் வேணும்."

"ஆளே இல்லியே ஆச்சி."

"ஆள் இருந்தா நான் எதுக்குய்யா படம் கேக்கேன்?"

ம் எங்க? ம்... அது. அப்போ பெரிய மகன் மீசையை முறுக்கிட்டு வந்தான். "நான் அப்படியே அப்பா ஜாடை, என்னையப் புடி"ன்னான். க்ளிக். ஆச்சி படத்தைப் பாத்தாங்க. "இவனைத்தான் தினமும் பாக்கேனே. அவுக எங்க?"ன்னாங்க.

அப்புறம் சின்ன மகன் வந்தான். "அப்பா பெரிய மனுஷனாத் தெரியணும்"னு சொல்லி, தானே உக்காந்து படம் எடுத்துக்கிட்டு, அதுல கடுக்கன், சங்கிலி, மோதிரம்னு எல்லாத்துலயும் தங்க ரேக்கு ஒட்டச் சொன்னான். தகதகன்னு இருந்துச்சு. ஆச்சி பாத்துட்டு, "இது யாரு, நகைக்கடைக்காரரா? அவுக எனக்கே ஒரு குண்டுமணி தங்கம் வாங்கித் தரலியே"ன்னாங்க.

மூணாவது தடவை சிங்காரம் வீட்டுல எல்லாரையும் படம் புடிச்சுட்டு, கத்திரிக்கோலை எடுத்துட்டான். சரக் சரக். பெரியவன் மூக்கு, சின்னவன் கண்ணு, மகளோட காது, பங்காளியோட வாயி, எல்லாத்தையும் வெட்டி ஒட்டி ஒரு ஆளு பண்ணான். ஆச்சி பாத்தாங்க. கெக்கெக்கேன்னு சிரிச்சு, சிரிச்சு, பொரை ஏறி, மருமக ஓடி வந்து தலையில தட்ட வேண்டியதாப் போச்சு. "தம்பி, குடும்பமே ஒத்த ஆளா வந்து நிக்கி"ன்னாங்க.

போச்சு, சாக்குதான்னு சிங்காரம் தரையில உக்காந்துட்டான். "ஆச்சி, அவரு மூஞ்சி எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லிருங்க"ன்னான். ஆச்சிக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"எனக்கும் சரியாத் தெரியலய்யா. கல்யாணத்துல தலை குனிஞ்சு உக்காந்திருந்தேன். சோறு போடும்போது இலையைப் பாப்பேன். எங்க போனாலும் அவுக விறுவிறுன்னு முன்னால போவாக, நான் பின்னால ஓடுவேன். எனக்கு அவுக முதுகுதான் தெரியும்."

இந்த எடத்துக்கு வந்தா மட்டும் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும், அது கெடக்கட்டும். சிங்காரம் எந்திரிச்சு, "அப்போ முதுகையே புடிச்சிருவோம் ஆச்சி"ன்னான். பெரிய மகன் சட்டையைக் கழட்டிட்டு, அப்பா துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னான். ஆச்சிதான் சொல்லிக் கொடுத்தாங்க. "எடது தோளை எறக்குடா. கழுத்தை விறைப்பா வை. திரும்பாத, அவுக திரும்பவே மாட்டாக. ஆங், அவுகதான்." க்ளிக்.

அப்புறம் தேக்குல ஃப்ரேம். துண்டோட சரிகைக் கரைக்கு மட்டும் தங்க ரேக்கு. மூக்கைத் துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டு ஒட்டினான், ஒரு தும்மல் வரலியே. திதி அன்னிக்கு முதுகுக்கு மாலை போட்டாங்க. வந்தவங்க எல்லாம் குசுகுசுன்னு பேசிக் களுக்குன்னு சிரிச்சாங்க. ஆச்சி கண்டுக்கல. ஒரு நாற்காலியை இழுத்துப் படத்துக்கு முன்னால போட்டு, ஜம்முன்னு உக்காந்தாங்க.

"இப்ப என்னையப் புடிய்யா. இத்தனை வருஷம் நான் பின்னால வந்தேன். இன்னிக்கு அவுக என் பின்னால இருக்கட்டும்."

"ஆயுசு குறையும் அத்தே"ன்னு மருமக பதறினா.

"குறைஞ்சா குறையட்டும்டி"ன்னுட்டு ஆச்சி நேரா கேமராவைப் பாத்தாங்க. க்ளிக்.

அந்தப் படத்தைச் சிங்காரம் கடை வாசல்ல மாட்டினான். மறுநாள் பாரு, ஊர்ப் பொம்பளைங்க பூரா புருஷனைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து நிக்கிறாங்க. மத்த ஊர்ல எல்லாம் ஆம்பள உக்காருவான், பொம்பள நிப்பா. அந்த ஊர்ல மட்டும் பொம்பளைக்குத்தான் நாற்காலி. சிங்காரத்தோட மாமனாரும் வந்தாரு. மாமியாரு உக்காந்தாங்க, அவரு பின்னால நின்னாரு. சாக்குப் பேச்சே எடுக்கல.

"அத்தே."

இன்னும் தூங்கலியா நீ?

"அந்தத் தாத்தா ஆச்சி மூஞ்சியைப் பாத்திருப்பாரா?"

...அவரு எங்கடி பாத்தாரு. சரி, இப்படித் திரும்பி என்னையப் பாத்துப் படு. கதை அவ்ளோதான், கண்ணை மூடு.