ஏரியில் மிஞ்சிய நாரை

சிறந்த ஏரிக்கான பரிசுக்குப் படம் அனுப்ப விரும்பிய பேரூராட்சித் தலைவர் விருத்தகிரி, ஸ்டூடியோவில் படம் வெட்டும் தைலம்மையிடம் உறுமினார்: "ஏரி முழுவதும் தெரிய வேண்டும். அதற்குள் இருக்கும் என் சொத்து ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால் இந்த ஸ்டூடியோவுக்குப் பூட்டுதான்!"

"அப்படியே ஆகட்டும், தலைவரே."

பரிசு விழா மேடையில் படத்தின் திரை விலகியது. நான்கடிச் சட்டத்தின் நடுவே, விரலகலத் தண்ணீரில் ஒரு நாரை மட்டும் நின்றது.

"ஏரி எங்கே அம்மா?" என்று படத்தருகே நின்ற தைலம்மையிடம் கேட்டார் கலெக்டர்.

"இதுதான் முழு ஏரி, ஐயா. தலைவரின் கல்யாண மண்டபம், செங்கல் சூளை, தென்னந்தோப்பு யாவற்றையும் அவர் சொன்னபடியே வெட்டிவிட்டேன்."

தலைவர் துள்ளி எழுந்தார். "எங்கே வெட்டினாய்? அந்த நாரை நிற்பதே என் மீன் குட்டையில்தானே!"

"மன்னியுங்கள், தலைவரே" என்று தைலம்மை கத்தரியை எடுத்து, நாரையையும் வெட்டினாள்.

கலெக்டர் வெறும் சட்டத்தை, அருகில் நின்ற நில சர்வேயரிடம் நீட்டினார்: "நாளைக் காலையில் ஏரியைத் தேடிக் கண்டுபிடியுங்கள்."