ஹாக்கின்ஸ் சார்ஜென்டின் இடது பக்கம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாட்ச்மேன் தேவைப்பட்டது. வேலையோடு கேட்டை ஒட்டி ஓர் அறையும் உண்டு. காலையில் வந்த ஒருவரை முக்கால்வாசி முடிவே செய்துவிட்டோம். அப்புறம் வந்தார் தூத்துக்குடி அந்தோணிப்பிச்சை. மனைவியையும் மகளையும் பாய் தலையணையோடு கேட்டுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தார். வேலை கிடைக்காவிட்டால் அன்றைக்கு மூன்று பேருக்கும் படுக்க இடம் கிடையாது. எனக்கு மனசு இளகிவிட்டது, ஆனால் நான் வெறும் செயலாளர். முடிவு சங்கத் தலைவர் சுபேதார் தணிகாசலத்தின் கையில். இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஒரே ஒரு மெடலோடு ஓய்வு பெற்றவர்.

முன் அனுபவம் உண்டா என்று சுபேதார் கேட்டார்.

"அமெரிக்கப் பட்டாளத்துல ஆறு வருசம் இருந்திருக்கேன் ஐயா. பாலைவன முகாம்."

என்னவாக இருந்தாய் என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். ஹாக்கின்ஸ் என்று ஒரு சார்ஜென்ட் இருந்தாராம், அவர் கதை ஆரம்பித்துவிட்டது. முதல் சண்டையில் ஹாக்கின்ஸ் ஒரு தும்மல் போட்டாராம். வந்த குண்டு திரும்பி, சுட்டவன் துப்பாக்கிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டதாம். அதற்கு ஒரு மெடல்.

எந்த நாட்டு எதிரி என்று கோமளா டீச்சர் கேட்டார். எங்கள் கமிட்டியில் அவருக்குத்தான் புளுகு பிடிக்காது. வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று ரொம்பப் பணிவாகச் சொன்னார் அந்தோணிப்பிச்சை.

"அந்த ஊருல சண்டையில காயம்பட்டா ஊதா ரிப்பன் வெச்ச மெடல் ஒண்ணு குடுப்பாங்க. ஹாக்கின்சுக்கு முழங்கையில சிராய்ப்பு. ஜெனரல் வந்து மெடலைக் குத்துதாரு. ஊசி நெஞ்சுல ஏறி ரத்தம் வந்துட்டு. போர்க்களத்துல ரத்தம் வந்தா சட்டப்படி மெடல் குடுக்கணும்லா? ரெண்டாவதைக் குத்துனாரு. அதுவும் ஏறிட்டு. காலையில ஆரம்பிச்சது பாத்துக்கிடுங்க, சாயங்காலம் பெட்டி காலியாகுற வரைக்கும் குத்திக்கிட்டே நிக்காரு."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுபேதாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இந்த மனுஷன் வாயாலேயே கெடப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. மகள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அந்தோணிப்பிச்சைக்கோ உற்சாகம் ஏறிவிட்டது. மெடல் எல்லாம் இடது நெஞ்சில் அல்லவா? பாரம் தாங்காமல் ஹாக்கின்ஸ் இடது பக்கமாகவே சாய்ந்துவிட்டாராம். நேராக நடக்கிறேன் என்று கிளம்பினாலும் வட்டமாகத்தான் போகுமாம் கால். இப்படித்தான் ஒருநாள் காலையில் பல் தேய்க்க வேப்பங்குச்சி தேடிக் கிளம்பியவர், மத்தியானத்துக்குள் ஒற்றை ஆளாக எதிரி முகாமைச் சுற்றி வளைத்துவிட்டார். நாலாயிரம் பேர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பாலைவனத்தில் ஏது வேப்பமரம் என்றார் டீச்சர்.

"அதனாலதான் டீச்சர் அவ்வளவு தூரம் நடந்தாரு."

சுபேதார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "எல்லாம் சரி. நீ அங்க என்ன வேலை பாத்த?"

அந்தோணிப்பிச்சை முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "இஸ்திரி போட்டேன் ஐயா. அந்தச் சட்டையை நான்தான் தேய்ப்பேன். மெடலைச் சுத்தித் தேய்க்கவே ரெண்டு நாளாகும்."

"மெடலோட எந்தச் சிப்பாயும் சட்டையை இஸ்திரிக்குப் போட மாட்டான். எனக்கு இருக்கிறது ஒண்ணுதான், அதையே கழட்டி வெச்சுட்டுத்தான் போடுவேன். உன் ஹாக்கின்ஸ் ஏன் கழட்டலை?"

பட்டாளத்துக்காரரிடமே பட்டாளக் கதை விட்டு மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அந்தோணிப்பிச்சை கேட் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"கழட்டத்தான் பாத்தாரு ஐயா. பாதி கழட்டுறதுக்குள்ள அடுத்த சண்டை வந்துரும். முழுசாக் கழட்டி முடிக்கிற வரைக்கும் உலகத்துல ஒரு சண்டையும் வரக் கூடாதுன்னுதான் நாங்க எல்லாரும் வேண்டிக்கிட்டு இருந்தோம்."

சுபேதார் என் பக்கம் கையை நீட்டி அறைச் சாவியை வாங்கி, மேஜை மேல் வைத்து அந்தோணிப்பிச்சை பக்கமாகத் தள்ளினார்.

"திருடன் வந்தா விசில் எல்லாம் ஊத வேண்டாம். இந்தக் கதையை அவனுக்கு முதல்லேருந்து சொல்லு. விடியறதுக்குள்ள அவனே போலீசுக்கு போன் பண்ணிடுவான்."