ஒரு நகக்கனம்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு நாற்பத்தாறு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் வெள்ளைத் தாடி ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு கடைசிவரை உட்கார்ந்திருப்பீர்கள்.

தெற்கே ரயில் வந்து இருபது வருஷம்கூட ஆகாத காலம். தேரிக்கரை சந்திப்பில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்கு மேஸ்திரி மிக்கேல். அவர்தான் குரு.

சீடர் ஆவுடையப்பன், அதே சந்திப்பில் பதினெட்டு வருஷமாக வண்டிச் சோதகர். வண்டி வந்து நின்றதும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கேட்பார். சக்கரத்தின் அச்சு முனை சுழலும் சின்ன இரும்புப் பெட்டியில், அதாவது அச்சுப் பெட்டியில், கை வைத்துச் சூடு பார்ப்பார். பார்த்ததை எழுதி வைப்பார். மேஸ்திரியிடம் போய்ப் புது வேலையைக் கற்றுக்கொள் என்று துரை உத்தரவு போட்ட நாளிலிருந்து அவருக்கு உலகத்தின் மேலேயே சந்தேகம். அதற்கு முன்பும் இருந்ததுதான். உத்தரவு வந்தபின் அதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவே.

புது வேலை இதுதான். சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற இரும்புச் சட்டத்தோடு அச்சுப் பெட்டியை அதுவரை இறுக முடுக்கியிருந்தார்கள். அச்சின் மேல் உட்கார்ந்து பாரம் தாங்குகிற பித்தளை மாதத்துக்கொன்று விரிசல் விட்டது. பிரயாணிகளின் இடுப்பைப் பற்றி யாரும் கணக்கெடுக்கவில்லை. மேஸ்திரி வந்து, அச்சுப் பெட்டிக்கு மேலே, அதிர்வைத் தாங்குகிற பட்டை வில் வைத்தார். பித்தளையின் தலையில், முதுகு சற்றே உருண்ட ஓர் இரும்பு ஆப்பை வைத்தார். பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமும், ஒரு நகக்கனம் இடம் விட்டார்.

ஆவுடையப்பன் அச்சுப் பெட்டியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"ஆடுதே மேஸ்திரி."

"ஆடட்டும் அண்ணாச்சி."

"ஆடுனா வேலை சரியில்லன்னுல்லா அர்த்தம்?"

"தண்டவாளம் நேராவா கிடக்கு?"

"இல்ல."

"அப்போ ஆடட்டும்."

இது ஒரு பதிலா? ஆவுடையப்பனுக்குப் பதிலாகத் தெரியவில்லை. மேஸ்திரி சாப்பிடப் போன ஒரு மத்தியானம், துரை பங்களாவிலிருந்து வந்த காலி பிஸ்கோத்து டின்னைக் கத்தரித்தார். பதினேழாம் எண் பெட்டியில், ஒரு பக்கத்து நான்கு அச்சுப் பெட்டிகளிலும் அந்த இடைவெளியில் தகடு சொருகி, சுத்தியலால் தட்டி இறக்கினார். பிடித்து அசைத்தார். அசையவில்லை. மறுபக்கமும் செய்திருப்பார், அதற்குள் வேலை மணி அடித்துவிட்டது.

யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. தப்பைச் சரி செய்தவன் ஊரைக் கூட்டியா சொல்வான்?

பத்தே நாளில் பதினேழாம் எண் பெட்டியில் அந்தப் பக்கத்து அச்சுப் பெட்டிகள் சூடேறத் தொடங்கின. கை வைக்க முடியவில்லை. ஒரு நாள் புகை வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே எண்ணெய் இல்லை.

ஆவுடையப்பனுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. எண்ணெய் ஊற்றுகிறவன் கொம்பையா. எடுக்கிறவனும் அவன்தான்.

அந்த நாளில் அச்சுக்கு விளக்கெண்ணெய்தான். பஞ்சை அதில் ஊறவைத்து அச்சுப் பெட்டிக்குள் திணிப்பார்கள். வீட்டு விளக்கில் எரியும், வயிற்றைச் சுத்தம் செய்யும், தலைக்குக் குளிர்ச்சி. இத்தனைக்கும் ஆகிற ஒன்றை ஒருத்தன் கையில் வாளியோடு கொடுத்துவிட்டு ஆவுடையப்பன் எப்படி நிம்மதியாக இருப்பார்? போதாக்குறைக்கு, கொம்பையாவின் தலைமுடி பளபளவென்று இருந்தது.

"என்னடே, தலை மினுங்குது?"

"நல்லெண்ணெய் அய்யா. மோந்து பாருங்க."

கொம்பையா விளையாட்டாகச் சொன்னான். ஆவுடையப்பன் நிஜமாகவே குனிந்து மோந்தார். நல்லெண்ணெய்தான்.

அதனால் சந்தேகம் தீர்ந்ததா? கூடியது. மறுநாள் எண்ணெய்ப் பீப்பாயில் வேப்பெண்ணெய் இரண்டு படி ஊற்றிக் கலக்கினார். திருடுகிறவன் மேல் நாறும் என்று கணக்கு. ஒரு வாரம் ரயில் முழுக்க நாறியது. முதல் வகுப்பில் ஓர் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு புகார் எழுதினாள். ஆவுடையப்பன் கொட்டகையில் ஒவ்வொரு தலையாக மோந்துகொண்டு நடந்தார். மேஸ்திரியின் தலையைக்கூட, அவர் குனிந்து ரம்பம் தேடியபோது, பின்னாலிருந்து மோந்தார். யாரிடமும் வேப்பெண்ணெய் வாசனை இல்லை.

"தலையில தேய்க்கல. விளக்குல ஊத்துதான்," என்று முடிவு கட்டினார்.

உட்கார்ந்து அறிக்கை எழுதினார். கொம்பையா எண்ணெய் திருடுகிறான், அதனால் பதினேழாம் எண் பெட்டி எரிகிறது, அவனை வேலையிலிருந்து நீக்க வேண்டும். கீழே தன் கையெழுத்து. பக்கத்தில் மேஸ்திரியின் கையெழுத்துக்கு இடம். பதினோரு மணி மெயிலில் அது துரையிடம் போக வேண்டும்.

கொம்பையா முன்பு பனையேறி. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவன். இனிமேல் மரம் ஏற முடியாது. இந்த வாளி போனால் அவன் கைக்கு வேறு எதுவும் வராது. இது ஆவுடையப்பனுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினார். இல்லாதவன்தானே எடுப்பான் என்பது அவர் நியாயம்.

காலை ஒன்பது மணிக்குக் காகிதத்தை மேஸ்திரியின் மேஜையில் வைத்தார். வாசலில் கொம்பையா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

மேஸ்திரி வாசித்தார். "மறுபக்கத்து அச்சுப் பெட்டி நாலும் எப்படி?"

"அது ஓடும்போதும் சில்லுன்னுதான் இருந்துச்சு."

"அதுக்கும் கொம்பையாதானே ஊத்துதான்?"

"ஆமா. அந்தப் பக்கம் திருடல. நமக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு ஒரு பக்கமாத் திருடுதான். கள்ளன் மூளை அப்படித்தான் போகும் மேஸ்திரி."

"உங்களுக்கு எப்படித் தெரியும், கள்ளன் மூளை?"

ஆவுடையப்பன் மேஸ்திரியை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஆளுக்கும் எண்ணெயில் பங்கு இருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது. இருக்கும். இல்லையென்றால் பதினேழாம் எண் பெட்டியை இரண்டு நாளாக ஓட விடாமல் கொட்டகைக்குள் எதற்கு நிறுத்தி வைத்திருக்கிறார்?

குரலை இறக்கிக் கேட்டார். "மேஸ்திரி, ஒண்ணு கேக்கேன். ஒருத்தன நம்பலாமா கூடாதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுதது?"

மேஸ்திரி எழுந்து வெளியே வந்தார்.

கிணறு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து கொட்டகைத் தொட்டிக்குத் தண்ணீர் சுமப்பவள் பேச்சியம்மாள். காலையில் இருபது நடை. தலையில் துணிச் சும்மாடு, அதன் மேல் செப்புக் குடம், இரண்டு கையும் வீசிக்கொண்டு வருவாள்.

"பேச்சியம்மா, இந்த நடைக்கு அண்ணாச்சி உங்கூட வருவாரு. குடம் ஆடாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிடுவாரு."

"எதுக்கு? பதினோரு வருஷத்துல ஒரு சொட்டு சிந்தியிருப்பனா?"

"அண்ணாச்சிக்குச் சந்தேகம்."

"அவருக்கு எதுலதான் இல்ல? நேத்து வந்து என் கொண்டைய மோந்து பாத்தாரு. எம்புருஷன் காதுல விழுந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

வாசலில் கொம்பையா சிரிப்பை அடக்க மேலே கூரையைப் பார்த்தான்.

ஆவுடையப்பனுக்கு இதில் என்ன சூழ்ச்சி என்று பிடிபடவில்லை. ஆனால் பிடிக்கச் சொன்னால் பிடிக்கத் தெரிந்தவர். கிணற்றடியில் நிறைகுடம் அவள் தலைக்கு ஏறியதும், பக்கவாட்டில் நின்று, இரண்டு கையாலும் கழுத்தோரம் இறுகப் பற்றினார். நடந்தார்கள்.

சமதரையில் பத்தடி ஒழுங்காகப் போயிற்று. ஆவுடையப்பன் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தீரா என்கிற மாதிரி.

முதல் தண்டவாளம் வந்தது. பேச்சியம்மாள் காலைத் தூக்கி வைத்தாள். அவள் இடுப்பு ஒரு பக்கம் இறங்கியது. குடம் கூடவே இறங்கப் பார்த்தது. அவர் கை விடவில்லை. தண்ணீர் எழும்பி அவள் கழுத்தில் விழுந்தது. இரண்டாவது தண்டவாளத்தில் பாதிக் குடம் அவர் கோட்டில்.

"கையை எடும்யா!" என்று கத்தினாள் பேச்சியம்மாள். "கழுத்த முறிக்கீரா, குடத்தப் பிடிக்கீரா? நான் இங்கிட்டுப் போனா நீரு அங்கிட்டு இழுக்கீரு. என் தலைய நம்பலேன்னா நீரே சுமந்துட்டு வாரும்!"

சேலை முழுக்க நனைந்திருந்தது. மிச்சத்தைக் கீழே கொட்டிவிட்டு விறுவிறுவென்று கிணற்றுக்குத் திரும்பிப் போனாள்.

ஆவுடையப்பன் கோட்டைப் பிழிந்தார். "வேணும்னே சிந்துதா அவ, மேஸ்திரி."

"இருக்கும். இப்போ பிடிக்காமப் பாருங்க."

அவள் மறுபடி நிறைகுடத்தோடு வந்தாள். வரும்போதே இவர்களை நோக்கித் தலையைத் திருப்பித் திட்டிக்கொண்டு வந்தாள். அவர் குலத்தில் ஆரம்பித்து, மீசைக்கு வந்து, மூக்கில் நிலைத்தாள். தண்டவாளத்தில் கால் வைத்தாள். இடுப்பு சரிந்தது. சும்மாடு ஒரு பக்கம் நசுங்கி, மறு பக்கம் உப்பி, குடத்தை நேராகவே வைத்திருந்தது. இரண்டாவது தண்டவாளம். சும்மாடு இந்தப் பக்கம் நசுங்கியது. தண்ணீர் குடத்தின் விளிம்பில் கண்ணாடி மாதிரி நின்றது.

ஆவுடையப்பன் குடத்தைப் பார்க்கவில்லை. சும்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொட்டியில் ஊற்றிவிட்டு, அவரைத் தாண்டி, காலிக் குடத்தோடு போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு நேராகப் பதினேழாம் எண் பெட்டியிடம் போனார்.

மேஸ்திரி கூடப் போகவில்லை. "கொம்பையா, அண்ணாச்சிக்கு ஜாக்கி முடுக்கிக் கொடு," என்று மட்டும் சொன்னார்.

இந்த உதவியை ஆவுடையப்பன் எதிர்பார்க்கவில்லை. போடா என்று சொல்லவும் வழியில்லை. ஓடின சூட்டில் தகடுகள் கவ்விக்கொண்டிருந்தன, பாரத்தைத் தூக்காமல் வெளியே வராது.

கொம்பையா முறிந்த இடுப்பைச் சாய்த்துக்கொண்டு ஜாக்கி முடுக்கினான். பெட்டி விரற்கடை எழும்பியது. ஆவுடையப்பன் இடுக்கியால் முதல் தகட்டைப் பிடுங்கினார். நீல நிறமாக வெந்திருந்தது. உள்ளிருந்து பித்தளையை உருவினார். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து மினுங்கியது. மற்ற இடமெல்லாம் அரம் போட்ட கோடுகூட அழியாமல் புதிதாக இருந்தது. தகடு இறுக்கிய அச்சுப் பெட்டி தண்டவாளத்தோடு சாய முடியாமல், முழுப் பாரத்தையும் அந்த ஒரு விளிம்பு சுமந்திருக்கிறது. பஞ்சை இழுத்தார். கரியாக உதிர்ந்தது. எண்ணெயை யாரும் எடுக்கவில்லை. அங்கேயே எரிந்து தீர்ந்திருந்தது.

இரண்டாவது தகட்டைக் கொம்பையா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் ஒரு ரோஜாப்பூவின் பாதி இன்னும் மிச்சமிருந்தது.

"இது துரை வீட்டுப் பிஸ்கோத்து டின்னுல்லா அய்யா?"

ஆவுடையப்பன் மூன்றாவது அச்சுப் பெட்டிக்கு நகர்ந்தார்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"முடுக்கு," என்றார் ஆவுடையப்பன்.

கொம்பையா ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஜாக்கியை முடுக்கினான். அந்த ஒன்றும் சொல்லாததுதான் அவரைக் கொன்றது. என்ன நினைக்கிறான்? சிரிக்கிறானா? துரையிடம் போவானா? பதினெட்டு வருஷத்துப் பெயர். ரோஜாப்பூ போட்ட ஒரு துண்டுத் தகடு போதும், வேலையே போய்விடும். நான்காவது தகட்டையும் உருவினார். நான்கையும் எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொம்பையா அதையும் பார்த்தான்.

பிறகு அவன் அச்சுப் பெட்டி ஒவ்வொன்றையும் பிடித்து அசைத்தான். நான்கும் ஆடின. வாளியை எடுத்துக்கொண்டு புதுப் பஞ்சு கொண்டுவரப் போனான்.

ஆவுடையப்பன் மேஸ்திரியின் மேஜை முன்னால் வந்து நின்றார். கோட்டிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. தூரத்தில் மெயில் ஊதியது. கையெழுத்துக்கு இடம் விட்ட அறிக்கை அப்படியே கிடந்தது. அதை எடுத்து, நான்காகக் கிழித்து, தகடுகள் இருந்த பைக்குள்ளேயே வைத்தார்.

"மேஸ்திரிக்கு எப்போ தெரியும்?"

"முந்தாநாள்."

"நீங்களே எடுத்துப் போட்டிருக்கலாமே."

"நாளைக்கே வேற டின்ன வெட்டியிருப்பீங்க."

அது உண்மை. ஆவுடையப்பன் கோட்டுப் பையை அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

"துரைகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

வாசலுக்கு வெளியே கொம்பையா பஞ்சை எண்ணெயில் முக்கிப் பிழிந்துகொண்டிருந்தான். ஆவுடையப்பன் அவனையே பார்த்தார்.

"அவன் சொல்லிருவான் மேஸ்திரி."

மேஸ்திரியும் திரும்பி வெளியே பார்த்தார்.

"சொன்னாலும் சொல்லுவான். சொல்லாமலும் இருப்பான். அந்த ஒரு நகக்கனத்துலதான் அண்ணாச்சி வண்டி ஓடுது."