பொக்கிஷதாரின் கட்டியும் சடையாண்டியின் வில்வண்டியும்

மருதங்கோட்டை ராஜ்யத்தில் சொக்கநாதம் என்று ஒரு பொக்கிஷதார் இருந்தார். வரி போடுவதில் அந்த மனுஷருக்கு அப்படி ஒரு ஆசை. பல்லக்குக்கு அவர் போட்ட வரியில், தூக்குகிறவர்கள் மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து நாட்டுக்கே போய்விட்டார்கள். அதோடு விட்டாரா? அடுத்து மாட்டுவண்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

திட்டத்தின் பெயர் வண்டிக் காப்பு. வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தொகை கட்டி, செப்பு வில்லை ஒன்று வாங்கி நுகத்தடியில் தொங்கவிட வேண்டும். வண்டி குடைசாய்ந்தாலோ யார் மேலாவது மோதினாலோ செலவு கஜானாவுடையது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாலிபர்களுக்கு இரண்டு பணம், அறுபது தாண்டியவர்களுக்குப் பத்துப் பணம் என்று வைத்தாரே, அங்கேதான் வந்தது வம்பு.

சடையாண்டிக்கு எழுபது வயசு. பிழைப்புக்கு ஒரு வில்வண்டியும் இரண்டு மாடுகளும். வெள்ளிக்கிழமைக்குள் வில்லை வாங்காவிட்டால் எல்லாவற்றையும் அரண்மனை எடுத்துக்கொள்ளும் என்று சேவகன் சொல்லிவிட்டுப் போனான். கிழவர் சும்மா இருக்கிற ஆளில்லை. நேரே பொக்கிஷதாரிடமே போய்ச் சத்தம் போட்டார். அவரோ பத்தைக் குறைப்பதை விட்டுவிட்டு, கடல் அலைக் காப்பு, யானை மிதிக் காப்பு, பந்தயக் காப்பு, இரவுக் காப்பு என்று அடுக்கி, ஆக மொத்தம் முப்பது பணம் என்றார். கிழவர் அங்கிருந்து கிளம்பி, ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் கோனேரியிடம் போய் நின்றார்.

"மாட்டையும் வண்டியையும் பிடுங்கிட்டா நான் எங்க சாமி போவேன்?" என்று முறையிட்டார் கிழவர்.

மறுநாள் கோனேரி அவரைச் சபைக்கே அழைத்து வந்தார். கடல் எவ்வளவு தூரம் என்று ராஜா விஜயபூபதியிடம் முதலில் கேட்டார். பத்து நாள் பயணம் என்றார் ராஜா. அப்படியானால் அலை கிளம்பியதும் யாராவது வந்து சொன்னால் போதும், கிழவர் வண்டியை ஓரமாக நிறுத்திக்கொள்வார் என்றார் கோனேரி. கடல் காப்பு போயிற்று. பொழுது சாய்ந்தால் கிழவர் வண்டி பூட்டுவதே இல்லை, அதனால் இரவுக் காப்பும் போயிற்று. பந்தயக் காப்பு என்றதும், சடையாண்டியின் மாடுகளைப் பார்த்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நாட்டில் இருந்ததோ ஒரே யானை, அதுவும் அரண்மனை யானை. அது மிதித்தால் தண்டம் கட்ட வேண்டியவர் ராஜா. அந்தக் காப்பை ராஜாவே அவசரமாக அடித்துவிட்டார்.

மிஞ்சியது அந்தப் பத்துப் பணம். அதில் மட்டும் பொக்கிஷதார் இறங்கி வரவில்லை. வயசானால் கை நடுங்கும், கண் மங்கும், ஆபத்து அதிகம், இது கணக்கு என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். கிழவர் முகம் தொங்கிப்போயிற்று.

இந்த இடத்தில் ஒரு அந்தரங்கத்தைச் சொல்லியாக வேண்டும். பொக்கிஷதார் காலையிலிருந்து உட்காரவே இல்லை. ராஜா அதை மரியாதை என்று நினைத்துக் குளிர்ந்துபோயிருந்தார். மரியாதையாவது மண்ணாவது! உட்காருகிற இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வேனக்கட்டி. நடந்தாலும் உரசுகிறது. கோனேரி இதை ராஜாவின் காதில் போட்டார். ராஜாவுக்குப் பாவமாகிவிட்டது. ஊர்க்கோடியில் இருக்கும் வைத்தியரிடம் உடனே போகச் சொன்னார். பல்லக்குத் தூக்கத்தான் ஆள் ஏது? வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்று கோனேரி எழுந்து போனார்.

அவர் கூட்டி வந்தது சூரப்பனை. இருபது வயசுப் பையன், வில்லைக்குக் கட்டியது இரண்டே பணம். அவன் வண்டி வருகிறது என்றால் சந்தைத் தெருவில் கோழியெல்லாம் கூரை ஏறிவிடும். சபை வாசலில் அவன் வந்து நின்றதும் பொக்கிஷதாருக்கு வியர்த்துவிட்டது.

"இவன் வேண்டாம். அந்தச் சடையாண்டியையே ஓட்டச் சொல்லுங்கள்."

"அவருக்குக் கை நடுங்குமே, ஐயா," என்றார் கோனேரி. "ஆபத்து குறைந்த வண்டியாகப் பார்த்துத்தானே கொண்டுவந்தேன். எல்லாம் உங்கள் கணக்குதான்."

"கணக்கைத் தூக்கிக் குப்பையில போடுய்யா. இவன் ஓட்டினா கட்டி உடைஞ்சிடும். கிழவன் ஓட்டினா குலுங்காது."

வலியில் ராஜா எதிரே இருப்பதே மறந்துபோயிருந்தது. ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏன் குலுங்காது என்று கிழவரையே கேட்டார்.

"எனக்கு இடுப்பு வலி மகாராஜா. வண்டி பள்ளத்துல இறங்கினா முதல்ல கத்துறவன் நான்தான். அதனால பார்த்துத்தான் ஓட்டுவேன்."

கோனேரி விடுவாரா? ஆபத்தை வயசை வைத்து அளப்பானேன், பொக்கிஷதாரின் கட்டியை வைத்தே அளந்துவிடலாம் என்றார். எல்லோருக்கும் ஒரு பணம். வழியில் பொக்கிஷதார் எத்தனை தரம் ஐயோ என்கிறாரோ, அத்தனை பணம் கூடுதல். ராஜாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பொக்கிஷதாரை வில்வண்டியில் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஐயோக்களை எண்ண ஒரு சேவகனும் கூடவே நடந்தான்.

பொக்கிஷதாரை வைத்தியரிடம் விட்டுவிட்டு வண்டி திரும்பி வந்தது. வைத்தியர் வீடு வரைக்கும் ஒரு ஐயோகூட இல்லை, பாதி வழியில் குறட்டைதான் கேட்டது என்றான் சேவகன். ராஜா அந்த ஒரு பணத்தையும் தானே கட்டி, வில்லையைச் சடையாண்டி கையில் கொடுத்தார். கிழவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதுவிட்டார்.

அதற்குள் வெளியே ஒரே கூச்சல். சேதி பரவி, ஊரிலுள்ள வண்டிக்காரர்கள் எல்லோரும் பொக்கிஷதாரை ஏற்றிப்போக ஆளுக்கொரு சவாரி கேட்டு வரிசை கட்டி நின்றார்கள். முதல் ஆள் சூரப்பன்.

கோனேரி கவலையோடு தாடையைச் சொறிந்தார். "மகாராஜா, கட்டி இன்றைக்கே ஆறிவிட்டால் இவர்களை எதை வைத்து அளப்பது?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் சேவகனைக் கூப்பிட்டார்.

"வைத்தியரிடம் ஓடு. மருந்தை அவசரப்படாமல் போடச் சொல். வாசலில் இன்னும் முந்நூறு வண்டி நிற்கிறது."