கொல்லாவிளைக்காரங்க மணலுக்கு டயர் பார்த்த கதை

கொல்லாவிளைக்காரங்களை யாராவது முட்டாள்னு சொன்னா எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வரும். அவங்க முட்டாள் இல்லை. சொன்ன சொல் தட்டாதவங்க. சொன்னதுக்கு ஒரு துரும்பு மேலயும் செய்யமாட்டாங்க, கீழயும் செய்யமாட்டாங்க. வம்பு அங்கதான் ஆரம்பிக்கும்.

அந்த ஊர்ப் பால்துரைக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. பொண்ணு சிவகனி. கல்யாணம் தேரிக்கு நடுவுல இருக்கிற சாஸ்தா கோயில்ல. தேரின்னா தெரியும்லா? கண்ணுக்கெட்டின தூரம் சிவப்பு மணல், மேடும் பள்ளமுமா. காலை வச்சா கணுக்கால் வரைக்கும் புதையும்.

பொண்ணோட அப்பா கருத்தப்பாண்டி கண்டிப்பாச் சொல்லிட்டார். "மூத்த மருமவன் மணல்ல நடந்து வந்து, தாலி கட்டுற நேரத்துல நாக்குத் தள்ளி உக்காந்துட்டாரு. ஊரே சிரிச்சுது. நீரு வண்டியில வாரும். முகூர்த்தத்தைத் தப்பவிட்டீரோ, என் மச்சினன் மவன் செந்தூர்பாண்டி சட்டையைத் தேச்சு ரெடியா வச்சிருக்கான்."

பால்துரைக்குக் கூட்டாளிங்க மூணு பேர் லிங்கத்துரை, அரிராமர், சுயம்பு. அவங்ககிட்ட வந்து, "சிவகனி இல்லேன்னா நான் கடல்ல விழுந்துருவேம்ல" என்று அழுதான்.

"கடலுக்கு நேர் பஸ் கிடையாது, மாறித்தான் போணும்" என்றான் சுயம்பு, ரொம்பக் கவலையோட.

லிங்கத்துரை கொஞ்சகாலம் துபாய்ல இருந்தவன். "ஏ.டி.வி.ன்னு ஒண்ணு இருக்குல. நாலு சக்கரம் வச்ச பைக்கு. மணல்மேட்டுல ஆடு கணக்கா ஏறும்" என்றான். கடற்கரையில சவாரி விடுற ஒருத்தர்கிட்டயிருந்து பழசு ஒண்ணைப் பிடிச்சுட்டும் வந்துட்டான். தேரியில விட்டாங்க. முதல் மேட்டுலயே எருமை மாதிரிப் படுத்துட்டு. கடற்கரை ஈர மணல்ல ஓடித் தேஞ்ச டயர், தேரியில என்ன செய்யும் பாவம்?

நாலு பேரும் திருநெல்வேலிக்கு டயர்க் கடைக்குப் போனாங்க. கடைக்காரர் நல்ல மனுசன். "மணல்ல பல தினுசு இருக்கு அண்ணாச்சி. மணலைப் பாக்காம டயர் எடுக்கப்படாது" என்றார்.

அவ்வளவுதான், நாலு பேரும் அடுத்த பஸ்ல ஊருக்குத் திரும்பிட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம் பெரிய விவாதம்.

"பாக்கதுன்னா முறையாப் பாக்கணும்" என்றான் சுயம்பு. "இதுல மணல் பொண்ணா, மாப்பிள்ளையா?"

"மணல் பொறந்த ஊர்லயே இருக்கு. டயர்தான் தேடி வருது. அப்ப மணல்தான் பொண்ணு" என்றான் அரிராமர்.

"அப்ப டயர் வீட்டுக்காரங்கல்லா இங்க வரணும்? பொண்ணைத் தூக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா நாளைக்கு நம்ம மணலை எவன் மதிப்பான்?"

கடைசியில, அவசரக் கல்யாணம்னா முறை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்னு பால்துரை கண்ணீரோட கேட்டுக்கிட்டான். மறுநாள் பித்தளைக் குடத்துல மணலை நிரப்பி, மேல ஒரு முழம் பூவைச் சுத்தி, வெத்தலை பாக்குத் தட்டோட கடைக்குள்ள நுழைஞ்சாங்க.

கடைக்காரர் குடத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். மணலை அள்ளி விரல்ல உரசினார். "மாவு மாதிரி இருக்கு. இதுக்குப் பின்னாடி துடுப்பு டயர்தான் போடணும்."

எடுத்துக் காட்டினார். டயரைச் சுத்திலும் ரப்பர் வரப்பு குறுக்கே எழும்பி நின்னுச்சு, ஒவ்வொண்ணும் ஒரு மண்வெட்டி மாதிரி. "இது மணலை வாரித் தள்ளும், வண்டி முன்னால போவும். முன்னாடிக்கு இந்த வழுவழு டயரு. நடுவுல ஒரே ஒரு வரப்பு, திரும்புறதுக்கு. மாத்திப் போட்டியளோ, வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கிடும். அப்புறம், காத்தை நிறைய அடைக்காதீங்க. விரலால அமுக்குனா உங்க வீட்டு இட்லி மாதிரி அமுங்கணும்."

கல்யாணத்தன்னைக்குக் காலையில டயருக்குக் காத்துப் பார்க்க லிங்கத்துரை வீட்டு இட்லி ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. அவன் பெண்டாட்டி அவிச்ச இட்லியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்படாது, எனக்குச் சொந்தம். அதை நாய்மேல எறிஞ்சா போலீஸ் கேஸாயிரும்னு மட்டும் சொல்லுதேன். டயர் அந்தப் பதத்துக்கு வர்றதுக்கு இன்னும் காத்துதான் அடிக்க வேண்டியிருந்துச்சு.

"உன் வீட்டு இட்லியை ஏன்ல வச்ச? எங்க வீட்டு இட்லி பூ மாதிரி இருக்கும்" என்றான் அரிராமர்.

"உங்க வீட்டு இட்லின்னு என்னைப் பார்த்துத்தாம்ல சொன்னாரு."

"நாலு பேரையும் பார்த்துத்தான் சொன்னாரு."

நாலு பேரு, நாலு வீடு, நாலு டயர். ஆளுக்கொரு டயர், அவனவன் வீட்டு இட்லிப் பதம்னு சண்டையில்லாம முடிஞ்சுது. லிங்கத்துரை வீடும் சுயம்பு வீடும் இடதுபக்கம், கல்லு. பால்துரை வீடும் அரிராமர் வீடும் வலதுபக்கம், பஞ்சு.

லிங்கத்துரை ஓட்ட, பின்னால மாலையோட பால்துரை. அரிராமரும் சுயம்பும் ஸ்பானர், ஜாக்கி, சுத்தியலோட கூடவே ஓடினாங்க. நிஜமாச் சொல்லுதேன், வண்டி ஜம்முனுதான் கிளம்புச்சு. துடுப்பு டயர் மணலை வாரி வீசுச்சு. முதல் மேடு தாண்டியாச்சு. கோயில் கொட்டுச்சத்தம்கூடக் கேட்டுச்சு. ஆனா வலதுபக்கம் இழுத்து இழுத்து, வண்டி அரைவட்டம் போட்டு ஊரைப் பார்த்து நின்னுட்டு.

"கிளப்பாதல!" என்று கத்தினான் அரிராமர். "துடுப்பு டயர் இப்ப எந்தப் பக்கம் இருக்கு?"

"கோயில் பக்கம்" என்றான் சுயம்பு.

"கோயில் நமக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. அங்கதான போறோம்."

"அப்பப் பின் டயரு முன்னால வந்துட்டுல்லா? கடைக்காரரு என்ன சொன்னாரு?"

நாலு பேரும் நல்லவேளை பார்த்தோம்னு சாஸ்தாவைக் கும்பிட்டு, டயரைக் கழட்டி முன்னும் பின்னும் மாத்திப் போட்டாங்க. பொருந்தலைதான். சுயம்பு சுத்தியலால சம்மதிக்க வச்சான். ஆக்ஸிலேட்டரை முறுக்கி, கோயிலைப் பார்த்து மறுபடி திரும்பினாங்க. இப்பத் துடுப்பு டயர் ஊர்ப்பக்கம் இல்லை. மறுபடி கழட்டினாங்க. வண்டி வலதுபக்கம் இழுத்துத் திரும்பும்போதெல்லாம் இப்படிக் கழட்டி, மாட்டி, கடைசியில கோயில் கூப்பிடு தூரத்துல இருக்கும்போது வழுவழு டயர் பின்னால மாட்டியிருக்க, கடைக்காரர் வாக்குப் பொய்க்காம, வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கிட்டு இறங்கிருச்சு.

கோயில்ல எல்லாரும் எழும்பி நின்னு பார்க்காங்க. "இறங்கி ஓடி வாருமய்யா!" என்று தவில்காரர் கத்தினார்.

"மாமா வண்டியில வரச் சொல்லியிருக்காக!" என்று பால்துரை அழுதுக்கிட்டே பதில் கத்தினான். இறங்கவே இல்லை.

கருத்தப்பாண்டி செந்தூர்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார். செந்தூர்பாண்டி சட்டையை நீவிவிட்டான். அப்பத்தான் சிவகனி மணவறையில இருந்து எழுந்தா. தாலித்தட்டைக் கையில எடுத்தா.

"ஏட்டி, எங்க போற?"

"முகூர்த்தம் போவுதுப்பா."

"அந்தக் கிறுக்குப் பயலையா கட்டப் போற?"

"கிறுக்குத்தான். எனக்குப் பிடிச்சிருக்கே."

பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிட்டு மணல்ல இறங்கி விறுவிறுன்னு நடந்தா. ஐயரும் தவிலும் பின்னாலயே ஓடினாங்க. குழிக்குள்ள கிடந்த வண்டியில, பின்சீட்டுல உக்காந்தபடியே, பால்துரை தாலி கட்டினான். முகூர்த்தம் தப்பலை. கருத்தப்பாண்டிக்கே கண்ணு கலங்கிட்டு. செந்தூர்பாண்டி தேச்ச சட்டையோட வண்டியைத் தள்ள வேண்டியதாச்சு.

அரிராமரும் லிங்கத்துரையும் சுயம்பும் அட்சதைகூடப் போடலை. மூணு பேரும் குந்தி உக்காந்து சிவகனி நடந்துவந்த காலடித் தடத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"மதினி, ஒரு தடவை நடந்து காட்டுங்க" என்று அரிராமர் மரியாதையாக் கேட்டான்.

அவளும் சிரிச்சுக்கிட்டே நடந்து காட்டினா.

"பாத்தியால!" என்று துள்ளி எழுந்தான் அரிராமர். "பின்னால கிடக்கதை முன்னால போடுதாங்க, முன்னால கிடக்கதைப் பின்னால விடுதாங்க. ஒவ்வொரு அடிக்கும் மாத்துதாங்கல! நாம செஞ்சது சரிதான். வேகம்தான் பத்தலை."

மூணு பேரும் மறுபடியும் டயரைக் கழட்டி, அதுமேல உக்காந்து, அடுத்த கல்யாணத்துக்கு ஸ்பானரோட எத்தனை பேரைக் கூட்டிட்டு வரணும்னு பேச ஆரம்பிச்சாங்க.